சிபாப் மெஷின் டேட்டாவை டாக்டரிடம் எப்படிக் காட்டுகிறீர்கள்?

சிறுவாணிக்காரன் (கோவை)

வணக்கம். வயது 53. தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படுவதால், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷினைப் போட்டுப் படுக்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. லேபில் படுத்துச் செய்த பரிசோதனையில் ஏ.ஹெச்.ஐ., அதாவது மணிக்கு எத்தனை தடை என்ற கணக்கு, 38 வந்தது. மெஷின் ஏர்சென்ஸ் 10, பிரஷரைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ வகை. மூக்கு மாஸ்க்.

நேற்று மூன்றாம் முறையாக டாக்டரைப் பார்த்தேன். டோக்கன் 41. இரண்டேகால் மணி நேரம் காத்திருந்து உள்ளே போனதும் மெஷின் டேட்டா பதிவாகும் எஸ்.டி. கார்டை எடுத்து நீட்டினேன். அவர் மேசைக் கம்ப்யூட்டரில் அதைச் செருக இடமே இல்லை. வெளியாள் கொண்டுவரும் எதையும் செருகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் யு.எஸ்.பி.யையும் பூட்டி வைத்திருக்கிறார்களாம். "ஏ.ஹெச்.ஐ. எவ்வளவு காட்டுது?" என்றார். மெஷின் திரையில் தினமும் பார்ப்பதை வைத்து, "நாலு" என்றேன். "நல்லாத்தானே இருக்கு. ஆறு மாசம் கழிச்சு வாங்க." மொத்தம் நான்கு நிமிடம்.

நல்லா இல்லை, அதுதான் பிரச்சினை. மதியம் மூன்று மணிக்கு நாற்காலியிலேயே கண் சொருகுகிறது. போன வாரம் அவிநாசி ரோடு சிக்னலில் பின்னால் நின்றவர் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் டோக்கன் 42 கதவைத் திறந்துவிட்டார்.

இதற்கு முந்தைய முறை இன்னும் மோசம். காட்டுவதற்காக எடுத்துப்போன கார்டைத் திரும்ப மெஷினில் போட மறந்து, பதினொரு ராத்திரி பர்ஸிலேயே வைத்திருந்தேன்.

உங்களில் யாராவது இந்த டேட்டாவை டாக்டர் கண்ணில் ஒழுங்காகக் காட்டியிருக்கிறீர்களா? கார்டா, பிரிண்டா, வாட்ஸ்அப்பா?

மலைக்கோட்டை (திருச்சி)

கார்டை எந்த டாக்டரும் கையில் வாங்க மாட்டார். பிரிண்ட் கொண்டுபோங்கள். ஆனால் என்னைப் போலச் செய்யாதீர்கள். கார்டு டேட்டாவைக் கிராஃபாகக் காட்டும் ஆஸ்கர் மென்பொருளில் இருந்து 46 பக்கம் கலரில் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுபோனேன். அவர் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "பொண்ணு கல்யாண ஆல்பமா?" என்றார்.

டாலஸ்வாசி

இங்கே அமெரிக்காவில் கார்டு கதையே கிடையாது. மெஷினுக்குள் மோடம் இருக்கிறது, காலையில் மாஸ்க்கைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஏர்வியூ என்ற இணையதளத்துக்குப் போய்விடும். டாக்டர் அங்கேயே பார்க்கிறார். ஏன் இவ்வளவு அக்கறை என்றால் இன்ஷூரன்ஸ். அரசு இன்ஷூரன்ஸான மெடிகேரின் விதிப்படி முதல் 90 நாட்களுக்குள், தொடர்ந்து வரும் ஏதாவது 30 நாட்களில் 70 சதவீத ராத்திரிகளாவது நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பணம் தர மாட்டார்கள். தனியார் இன்ஷூரன்ஸ்களும் பெரும்பாலும் அதே கணக்கைத்தான் பிடித்துக்கொள்கின்றன.

ஆனால் டேட்டா தானாகப் போவதால் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. என் டாக்டரின் அறிக்கையில் ஒரே வரி: "நோயாளி மெஷினை ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்." எனக்கும் மைஏர் ஆப்பில் தினமும் 98, 99 மார்க் வருகிறது. தலைவலி மட்டும் போகவில்லை.

ராத்திரி டூட்டி (சென்னை)

தூக்கப் பரிசோதனை லேபில் ஒன்பது வருடமாக டெக்னீஷியன். டாலஸ் சார், அந்த மார்க்கை நம்பாதீர்கள். நூறில் 70, எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பதற்கு. 20, மாஸ்க் கசியாமல் இருப்பதற்கு. 5, ராத்திரியில் எத்தனை முறை கழற்றினீர்கள் என்பதற்கு. மூச்சு எத்தனை முறை தடைப்பட்டது என்பதற்குக் கிடைப்பது மிச்சம் 5 மார்க்தான். எந்த வியாதிக்காக மெஷின் வாங்கினோமோ அந்தப் பாடத்தில் முட்டை வாங்கினாலும் 95 எடுக்கலாம்.

சிறுவாணி அண்ணா, உங்கள் "நாலு" பற்றி. ஏ.ஹெச்.ஐ. என்பது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடை என்ற சராசரி. மெஷின் போட்டபின் 5க்குக் கீழே வந்துவிட்டால் சரி என்பது பொது வழக்கம். ஆனால் அந்த நாலு ராத்திரி முழுக்கச் சமமாகப் பரவியிருக்கிறதா, ஓரிடத்தில் குவிந்திருக்கிறதா என்பதைச் சராசரி சொல்லாது. விடியற்காலையில் கனவுத் தூக்கம் அதிகம். அப்போது தசைகள் இன்னும் தளர்ந்துவிடும். தொண்டை அடைப்பதும் அந்த நேரத்தில்தான் கூடும். மல்லாக்கப் படுத்தால் கேட்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது: கார்டை வெளியே எடுத்ததும் அதன் ஓரத்தில் உள்ள சின்னப் பூட்டைக் கீழே தள்ளுங்கள். அப்போதுதான் கம்ப்யூட்டர் அதில் எதையும் எழுதாது. ரீடரில் போட்டு ஆஸ்கரில் ஏற்றுங்கள், காசு கிடையாது. ஸ்லீப்பிஹெட் என்று முன்பு ஒன்று இருந்தது, 2019ல் அதிலிருந்து கிளைத்தது இது. ஏற்றியதும் பூட்டைத் திறந்து அப்போதே மெஷினில் போட்டுவிடுங்கள். கார்டு இல்லாத ராத்திரிக்கு ஒருவரிச் சுருக்கம் மட்டும்தான் மெஷினில் தங்கும், ஒவ்வொரு மூச்சின் அலையும் கிடைக்காது. உங்கள் பதினொரு ராத்திரி போனது போனதுதான்.

இன்னொன்று. மோடம் உள்ள மெஷின் என்றால் முதலில் டீலரிடம் கேளுங்கள், கிளவுடில் யார் பெயரில் பதிந்திருக்கிறது என்று. நம் ஊரில் பல மெஷின்கள் டீலர் கணக்கிலேயே கிடக்கின்றன. டேட்டா தினமும் ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும், மாஸ்க் விற்பவருக்கு. டாக்டரையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

சிறுவாணிக்காரன்

நன்றி தம்பி. என்னுடையதில் மோடம் இல்லை என்று டீலர் சொல்லிவிட்டார். ஆஸ்கரை இறக்கி நேற்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கத்தைப் பற்றிப் படித்தே தூக்கம் கெட்டுவிட்டது என்று வீட்டில் திட்டு.

போன செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டேன். 10:45க்குப் படுத்து 5:45க்கு எழுந்திருக்கிறேன், ஏழு மணி நேரம். மொத்தம் 28 தடைகள். வகுத்தால் சரியாக 4.0. ஆனால் முதல் ஐந்து மணி நேரத்தில் ஐந்தே ஐந்து. 3:45க்குப் பிறகு 23! அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் கணக்குப் போட்டால் மணிக்கு 11.5 வருகிறது. வண்ணக் கோடுகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நிற்கின்றன. அதே நேரத்தில் கசிவுக் கோடும் கிளம்பி 38 வரை போகிறது. முந்தின நாலைந்து நாட்களையும் பார்த்தேன், கிட்டத்தட்ட அதே கதை.

பிரஷர் அமைப்பு 4 முதல் 20 வரை என்று இருக்கிறது. இது சரியா?

ராத்திரி டூட்டி

4–20 என்பது கம்பெனியில் இருந்து பெட்டியில் வரும்போது இருக்கும் அளவு. உங்களுக்காக யாரும் வைத்ததில்லை. பெட்டியைப் பிரித்து, பிளக்கைச் செருகி, "ஆட்டோ சார், அதுவே பார்த்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். கீழ்அளவு 4 என்றால் தடைகள் அடுத்தடுத்து வரும்போது மெஷின் அடியில் இருந்து ஏறிவர வேண்டியிருக்கும். கசிவு நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் இந்தக் கம்பெனி மெஷின்கள் அதை அதிகக் கசிவு என்று கணக்கெடுக்கும். 38 என்றால் வாய் திறந்துகொள்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

பிரஷர் பாண்டி (மதுரை)

இதற்கு எதற்கு டாக்டர்? மெஷினில் ஒரு மறைவு மெனு இருக்கிறது. உள்ளே போய் 8–15 வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். நான் மூன்று வருடமாக நானேதான் மாற்றிக்கொள்கிறேன். என் மூக்கு, என் மெஷின், என் காசு.

மலைக்கோட்டை

பாண்டி, உமக்குச் சரியாக வந்தது உம் அதிர்ஷ்டம். அடுத்தவர் மெஷினுக்கு நம்பர் எழுதிக் கொடுக்காதீர்.

பிரஷர் பாண்டி

நாலு நிமிடம் பார்த்து ஆறு மாசம் கழிச்சு வாங்க என்று சொல்பவரை விட நான் அதிக நேரம் அந்த கிராஃபைப் பார்த்திருக்கிறேன் அண்ணே. அதை மறுக்க முடியுமா?

வெள்ளைக்கோட்டு

நான் நுரையீரல் மருத்துவர், தென் மாவட்டம் ஒன்றில். பாண்டி சொன்ன கடைசி வரியை மறுக்க மாட்டேன். ஒரு நாளைக்கு அறுபது பேர் வருகிறார்கள். நீங்கள் உங்கள் கிராஃபைப் பார்க்கும் அளவுக்கு என்னால் பார்க்க முடியாது, உண்மை.

ஆனால் அந்தக் கிராஃபில் என்ன இருக்கிறது, எது இல்லை என்பதும் தெரிய வேண்டும். மெஷினுக்கு நீங்கள் தூங்குகிறீர்களா, விழித்துக்கொண்டு படுத்திருக்கிறீர்களா என்று தெரியாது. மாஸ்க் போட்டிருந்த நேரம் முழுவதையும் வைத்துத்தான் வகுக்கிறது. லேபில் மூளை அலையைப் பார்த்து, தூங்கிய நேரத்தை மட்டும் வைத்து வகுக்கிறோம். தனியாக ஆக்ஸிமீட்டர் மாட்டாவிட்டால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியதா என்பதும் மெஷினுக்குத் தெரியாது. அதனால் லேப் 38ஐயும் மெஷின் 4ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஆஸ்கரில் சி.ஏ. என்று தனி நிறத்தில் வருவதைப் பாருங்கள். மூச்சு நின்றதும் மெஷின் சின்னச் சின்ன அதிர்வுகளை அனுப்பி, தொண்டை அடைத்திருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பார்க்கிறது. வழி திறந்தே இருந்தும் மூச்சு வரவில்லை என்றால் அதற்குத்தான் சி.ஏ. அங்கே சிக்கல் தொண்டையில் இல்லை, மூச்சு விடு என்று மூளை சொல்லவில்லை. புதிதாகச் சிபாப் போடும் சிலருக்கு இது தலைகாட்டும், பல பேருக்குச் சில வாரங்களில் தானே அடங்கும். ஆனால் சி.ஏ. இருக்கும்போது பிரஷரைக் கூட்டினால் சில நேரம் அது இன்னும் அதிகமாகும். பாண்டியின் யோசனையில் எனக்குள்ள பயம் அதுதான். மாற்றிவிட்டீர்களா, மாற்றினேன் என்று தேதியோடு சொல்லிவிடுங்கள், திட்ட மாட்டேன். மறைத்தால்தான் நான் பார்க்கும் கிராஃபுக்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

சிறுவாணிக்காரன் சார், நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது ஏ.ஹெச்.ஐ. அல்ல. "சிக்னலில் தூங்கிவிட்டேன்." நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அதைச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு எந்த டாக்டரும் ஆறு மாதம் என்று சொல்ல மாட்டார். அதுவரை வண்டி ஓட்டாதீர்கள், விளையாட்டில்லை.

எனக்கு ஒரே ஒரு தாள் போதும். முன்பக்கம் கடைசி 30 நாள் சுருக்கம்: மணி நேரம், ஏ.ஹெச்.ஐ., அதில் சி.ஏ. எவ்வளவு, கசிவு, பிரஷர். பின்பக்கம் ஒரே ஒரு ராத்திரியின் படம். நல்ல ராத்திரி வேண்டாம், மோசமானதும் வேண்டாம், வழக்கமான ஒன்று. ஆஸ்கரில் எஃப்12 அழுத்தினால் திரை அப்படியே படமாகிவிடும். அதன் கீழே கையால் எழுதிய ஒரு கேள்வி. மருந்துச் சீட்டையும் கொண்டு வாருங்கள். தூக்க மாத்திரை, வலி மாத்திரை, எதையும் விடாமல். "அதெல்லாம் வேற டாக்டர் கொடுத்தது சார்" என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

பொன்னி (சிங்கப்பூர்)

டாக்டர் எழுதியதைப் படித்ததும் எங்கள் அப்பா கதையைச் சொல்லத் தோன்றியது. அவர் கும்பகோணத்தில் இருக்கிறார், 74 வயது, ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர். மெஷின் கலிபோர்னியாவில் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. கார்டில் இருந்ததை நான் ஊருக்குப் போனபோது பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அதைப் பார்த்த டாக்டர், "பெரியவர் எங்கயாவது வாட்ச்மேன் வேலை பார்க்கிறாரா?" என்று கேட்டிருக்கிறார். காலை ஒன்பது மணிக்குப் படுத்து மாலை மூன்றரைக்கு எழுந்திருப்பதாகக் காட்டியதாம்! அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

மெஷின் கடிகாரத்தை யாரும் மாற்றவே இல்லை. நம் இரவு 9:30 அதற்குக் கலிபோர்னியா காலை 9. அதைவிடப் பெரிய கோளாறு, இந்த மெஷின்களுக்கு ஒரு நாள் என்பது மதியம் பன்னிரண்டில் இருந்து மறுநாள் மதியம் பன்னிரண்டு வரை. அப்பாவின் நள்ளிரவு 12:30 அதற்கு மதியம் பன்னிரண்டு. ஒவ்வொரு ராத்திரியும் நடுவில் வெட்டுப்பட்டு, முன்பாதி ஒரு தேதியிலும் பின்பாதி அடுத்த தேதியிலும் போய் உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

கடிகாரத்தைச் சரிசெய்த பிறகுதான் ராத்திரிகள் முழுசாகத் தெரிந்தன. தடைகளை விட விசித்திரமாக ஒன்று: மூச்சு மெல்ல மெல்லப் பெரிதாகி, மெல்லச் சிறுத்து, நின்று, மறுபடி பெரிதாகி, அலை அலையாகப் பல நிமிடங்கள். ஆஸ்கர் அதற்குச் சி.எஸ்.ஆர். என்று பச்சை நிறம் போட்டிருந்தது. படத்தை அனுப்பியதும் டாக்டர் மறுநாளே எக்கோ எடுக்கச் சொன்னார். இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. காலில் வீக்கம் இருந்ததை அப்பா "நின்னுக்கிட்டே இருந்தா அப்படித்தான்" என்று எங்களிடம் மறைத்திருக்கிறார்.

வெள்ளைக்கோட்டு

நல்ல நேரத்தில் பார்த்தீர்கள் அம்மா. அது செயின்-ஸ்டோக்ஸ் மூச்சு, இதயம் பலவீனமானவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. மெஷின் பச்சை போட்டாலே அது இருக்கிறது என்று முடிவில்லை, கசிவு கூட ஏமாற்றும், ஆனால் கட்டாயம் காட்ட வேண்டிய விஷயம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதற்கு ஏ.எஸ்.வி. என்ற வேறு மெஷின் நல்லது என்று யாராவது இணையத்தில் சொன்னால் இதய டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். 2015ல் வெளிவந்த செர்வ்-ஹெச்.எஃப். ஆய்வில், தள்ளும் திறன் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, சி.ஏ. போன்ற சென்ட்ரல் வகைத் தடையே பிரதானமாக இருந்தவர்களுக்கு அந்த மெஷின் கொடுத்தபோது இதயச் சாவு கூடியது.

டாலஸ்வாசி

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த இழையில் படம் போடுகிறவர்கள் மேலே இருக்கும் பெயர், பிறந்த தேதி, மெஷின் சீரியல் நம்பர் மூன்றையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

மலைக்கோட்டை

ஆமாம். எங்கள் டீலர் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார், 60, 70 பேர். எல்லோர் ரிப்போர்ட்டும் பெயரோடு அதில்தான் வரும். என் மெஷின் ஓடாத நாள் எது என்று என் சம்பந்திக்குத் தெரிந்திருந்தது. அவரும் அதே குரூப்!

டாக்டரம்மா, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீங்கள் பார்ப்பீர்களா?

வெள்ளைக்கோட்டு

2020 மார்ச் 25ல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிகள் வாட்ஸ்அப்பையும் ஒரு வழியாக ஏற்கின்றன. நாங்கள் பதிவு வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. அதனால் கேட்டுவிட்டு, கிளினிக் நம்பருக்கு அனுப்புங்கள். ராத்திரி 11:40க்கு என் சொந்த நம்பருக்கு "டாக்டர், இன்னிக்கு 6.2" என்று மட்டும் அனுப்பினால் அது ஏ.ஹெச்.ஐ.யா, சர்க்கரையா, பொட்டாசியமா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

சிறுவாணிக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அதே டாக்டரிடம்தான் போனேன். பஸ்ஸில் போனேன். உள்ளே நுழைந்ததும் நின்றபடியே, "சிக்னல்ல தூங்கிட்டேன் டாக்டர்" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஏழு மாதத்தில் முதல்முறை.

தாளை நீட்டினேன். பின்பக்கத்தில் செவ்வாய்க்கிழமைப் படம், அதன் கீழே நான் எழுதியது இதுதான்: "3:45 வரை 5 தடை, அதன் பிறகு 23. அப்போதுதான் கசிவும் ஏறுகிறது. பிரஷர் 4–20 என்று பெட்டியில் வந்தபடியே இருக்கிறது. நான் எதையும் மாற்றவில்லை. விடிகாலையில் மட்டும் ஏன்?" டாக்டர் படத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு டார்ச் எடுத்து மூக்கைப் பார்த்தார். ஒரு பக்கம் அநேகமாக அடைப்பாம். விடிகாலைக் குளிரில் அது இன்னும் அடைக்க, நான் வாயால் மூச்சு விட, காற்றெல்லாம் வாய் வழியாக வெளியே போயிருக்கிறது. கேட்ட பிறகுதான் உறைத்தது, காலையில் நாக்கு அட்டை மாதிரி காய்ந்து கிடக்கும், அதை நான் மெஷினின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூக்குக்கு ஸ்பிரே கொடுத்தார், இ.என்.டி.க்கு எழுதினார். பிரஷரை 8–14 என்று சீட்டிலேயே எழுதி டீலரை மாற்றச் சொன்னார். (பாண்டி, சிரிக்க வேண்டாம்.) முழுமுக மாஸ்க்கை இப்போதைக்கு வேண்டாம், மூக்கு திறந்த பிறகு பார்க்கலாம் என்றார். சிபாப் ஒழுங்காக ஓடியும் அசதி இருந்தால் வேறு காரணமும் இருக்கலாம் என்று தைராய்டு, ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார்.

பன்னிரண்டு ராத்திரி ஆகிறது. கடைசி இரண்டு மணி நேரத்தில் இப்போது ஐந்து, ஆறுதான் வருகிறது. ஒரு நாள் மட்டும் 14. அன்று கரண்ட் போய், மாஸ்க்கைக் கழற்றி, மறுபடி மல்லாக்கப் படுத்துவிட்டேன். மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகுவது குறைந்திருக்கிறது, போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ரத்த ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வரும். வண்டிச் சாவி இன்னும் வீட்டுக்காரம்மாவிடம்தான் இருக்கிறது.

பிரஷர் பாண்டி

சிரிக்கவில்லை. 8–14க்கும் 8–15க்கும் நடுவில் ஒரு நம்பர்தான் வித்தியாசம், அதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். மூக்கடைப்பு எனக்குத் தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

மலைக்கோட்டை

இந்தத் தடவை டோக்கன் எத்தனை சார்?

சிறுவாணிக்காரன்

44. ஆனால் பதினோரு நிமிடம் பேசினார். வெளியே வந்தபோது 45 என்னை முறைத்தார்.